கண்ணுக்குள் சீழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், கண்ணில் முள்ளோ குச்சியோ குத்தியவர்களும், அவர்களைக் கூட்டி வரும் வீட்டாரும் புறநோயாளிப் பிரிவில் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது கடந்த ஆறு வாரத்துக்குள் கண் ஆபரேஷன் நடந்து, இப்போது கண் சிவந்து பார்வை மங்குகிறது என்றால் 3-ம் கேள்வியை மட்டும் படித்துவிட்டு உடனே கிளம்புங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

1. "கண்ணுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு"ன்னு டாக்டர் சொல்றார். அப்படின்னா என்ன?

கண் என்பது சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மூடிய உருண்டை. கருவிழிக்குப் பின்னால் தண்ணீர் போன்ற திரவம் இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் இளநுங்கு போலத் தெளிந்த கூழ், சுமார் 4 மில்லிலிட்டர். இதற்கு விட்ரியஸ் என்று பெயர். அதற்கும் பின்னால் சுவரில் ஒட்டியிருப்பது விழித்திரை. இந்த உள்ளறைக்குள் பாக்டீரியாவோ பூஞ்சையோ புகுந்து பெருகுவதைத்தான் எண்டாப்தால்மைடிஸ் என்கிறார்கள்.

விட்ரியஸில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் உடம்பின் காவல் அணுக்கள் அங்கே வந்து சேரத் தாமதமாகும். அதற்குள் கிருமி பல மடங்கு பெருகிவிடும். கிருமி கக்கும் நச்சும், அதை அழிக்க வரும் வெள்ளையணுக்கள் விடும் நொதிகளும் சேர்ந்து விழித்திரையை அரித்துவிடுகின்றன. அரிபட்ட விழித்திரை மறுபடி வளராது. கிருமியைக் கொன்ற பிறகும் பார்வை திரும்பாமல் போவதற்கு இதுதான் காரணம்.

2. மெட்ராஸ் ஐ மாதிரிதானே? ரெண்டு நாள்ல தானா சரியாகிடாதா?

ஆகாது. மெட்ராஸ் ஐ கண்ணின் வெளித்தோலில் வருவது. பீளை தள்ளும், உறுத்தும், பெரும்பாலும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தொற்றும். பீளையைத் துடைத்தால் பார்வை பெரும்பாலும் பழையபடி இருக்கும். உள்ளே சீழ் பிடித்தால் பீளை குறைவு. பார்வைதான் புகை மூடியதுபோல மங்கும், துடைத்தாலும் தெளியாது. ஆபரேஷன் செய்த கண் சிவந்தால், அது மெட்ராஸ் ஐ-யா இல்லையா என்று நீங்களோ மருந்துக்கடைக்காரரோ முடிவு செய்யக் கூடாது.

3. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு நாள் ஆச்சு. எதைப் பார்த்தா உடனே வரணும்?

முதல் அறிகுறி பார்வை குறைவதுதான். தினமும் காலையில் மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். நேற்றுத் தெரிந்த தேதி இன்று மங்கலாக இருந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். சிவப்பு கூடுவது, வலி, இமை வீங்குவது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசுவது ஆகியவையும் அறிகுறிகள். கருவிழிக்குள் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு படிவு தெரிந்தால், அது சீழே கீழே இறங்கித் தேங்கியிருப்பது.

1995-ல் அமெரிக்காவில் வெளியான, 420 நோயாளிகளைக் கொண்ட பெரிய ஆய்வில் 94 சதவீதம் பேருக்குப் பார்வை மங்கியிருந்தது, 82 சதவீதம் பேருக்குக் கண் சிவந்திருந்தது. வலி இருந்தது 74 சதவீதம் பேருக்கு மட்டுமே. அதாவது நாலில் ஒருவருக்கு வலி கிடையாது. "வலியே இல்லையே, நாளைக்குப் பாப்போம்" என்று காத்திருந்து கண்ணை இழந்தவர்கள் உண்டு. வலியை நம்பாதீர்கள், பார்வையை நம்புங்கள். பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் வரும். ஆறு வாரம் வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

4. ராத்திரி பத்து மணி ஆச்சு. சொட்டு மருந்தை அடிக்கடி விட்டுட்டுக் காலைல வரலாமா?

வேண்டாம். சொட்டு மருந்து கண்ணின் முன்னறை வரை எட்டும். விட்ரியஸுக்குள் கிருமியைக் கொல்லும் அளவுக்குப் போய்ச் சேராது. உங்களிடம் இருக்கும் சொட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் இருக்கும். அது சிவப்பைக் குறைத்துக் காட்டும், உள்ளே நடப்பதை நிறுத்தாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ஒரே இரவில் நிலைமையைக் கை மீறிக் கொண்டுபோய்விடும்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே ராத்திரி ஆள் இல்லையென்றால், விழித்திரை மருத்துவர் இருக்கும் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, லென்ஸ் ஸ்டிக்கர் உள்ள அட்டை, தினமும் எடுக்கும் மாத்திரைகள் இவற்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. கிருமி எங்கேருந்து வந்துச்சு? ஆஸ்பத்திரி சுத்தமா இல்லையா?

ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால், பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமையிலும் இமைமுடியிலும் எப்போதும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிதான் காரணம். மேலே சொன்ன ஆய்வில், கல்ச்சரில் (கண்ணிலிருந்து எடுத்த துளியை லேபில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) கிருமி வளர்ந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இந்த வகைதான் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் கண்ணின் மேற்பரப்பில் 5 சதவீத போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி விடுவது இதற்காகத்தான். எரியும்தான், ஆனால் அதை விடாமல் ஆபரேஷன் தொடங்கக் கூடாது. முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் வைப்பது இரண்டாவது காவல். 2007-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 1 மில்லிகிராம் செஃபுராக்ஸிம் வைத்தபோது தொற்று சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசி 2017-ல் வெளியிட்டார்கள். மாக்ஸிஃப்ளாக்ஸசின் வைக்காதபோது பத்தாயிரத்துக்கு 7 பேருக்கு வந்த தொற்று, வைத்த பிறகு 2 ஆக இறங்கியிருந்தது.

ஒரே நாளில், ஒரே தியேட்டரில் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு மூன்று பேருக்கு வந்தால் கதையே வேறு. கண்ணைக் கழுவும் திரவம், ஜெல், நீலச்சாயம், மெஷினின் குழாய், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சரியாகச் சூடேறாதது என்று ஏதோ ஒரு பொது மூலம் இருக்கும். அப்போது தியேட்டரை மூட வேண்டும், திரவ பாட்டில்களை பேட்ச் எண்ணோடு எடுத்து வைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அன்று ஆபரேஷன் செய்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2008-ல் பெரம்பலூரில், இலவச முகாம் வழியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தது தமிழ்நாடு மறக்கக் கூடாத நிகழ்வு. "இன்னும் யாருக்காவது வந்திருக்கா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

6. மீன் சாப்பிட்டதாலதான், தலைக்குக் குளிச்சதாலதான் வந்துச்சுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

மீன், கோழி, முட்டை, கத்திரிக்காய், புளி எதற்கும் இதில் பங்கில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும், நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள். தண்ணீர் விஷயம் கொஞ்சம் உண்மை. தையல் இல்லாத ஆபரேஷனில் வெட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். முதல் சில நாள் கண்ணைக் கசக்கினாலோ அழுத்தினாலோ அந்த விளிம்பு விலகி, வெளி ஈரம் உள்ளே போகலாம். ஆகவே இரண்டு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முடியை அலசியே ஆக வேண்டுமென்றால், தலையைப் பின்பக்கம் சாய்த்து வேறொருவர் அலசட்டும். சொட்டு பாட்டிலின் முனை இமைமுடியில் படக் கூடாது. திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

ஆனாலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் தெரியவரும் தொற்று பெரும்பாலும் ஆபரேஷன் நேரத்திலேயே உள்ளே போனது. பாட்டியைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை கண் மங்குவதை வெளியில் சொல்லவே பயப்படுவார்.

7. அம்மாவுக்கு சுகர். அதனாலதானா?

சுகர் ஆபத்தைக் கூட்டும், குணமாவதையும் தாமதிக்கும். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்றால் சுகர், கண்ணீர்ப்பை சீழ், இமை ஓரப் பொருக்கு, கால் புண் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்யலாம். சீழ் பிடித்த பிறகு சுகர் இறங்கட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

8. எங்கப்பாவுக்குக் கண்ணுல ஆபரேஷனே பண்ணலை. காய்ச்சல்ல படுத்தார், ரெண்டு வாரத்துல கண் மங்கிடுச்சு. இதுவும் அதேவா?

அதுவாக இருக்கலாம். உடம்பில் வேறெங்கோ இருக்கும் கிருமி ரத்தத்தோடு கண்ணுக்குள் வந்து இறங்குகிறது. கல்லீரலில் சீழ்க்கட்டி, சிறுநீர்த் தொற்று, இதய வால்வுத் தொற்று, பல நாள் நரம்பில் கிடந்த ஊசிக்குழாய் இவையெல்லாம் மூலங்கள். கிளெப்சியெல்லா என்ற கிருமியால் வரும் கல்லீரல் கட்டி தைவான், கொரியா, சிங்கப்பூர் பக்கம் அதிகம். சுகர் உள்ளவர்களை அது குறிவைக்கும். நம் நாட்டில், களைப்புக்காகச் சுத்தமில்லாத இடத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட ஆரோக்கியமானவர்களுக்குக்கூட பூஞ்சை கண்ணுக்குள் வந்திருக்கிறது.

இது வெறும் கண் அழற்சி என்று தவறாகக் கணிக்கப்பட்டு, ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துக் கெட்டுப்போவது நடக்கிறது. அதனால் கடந்த இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தது, டிரிப் ஏற்றியது, சிறுநீர்க்குழாய் வைத்தது எல்லாவற்றையும் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர், சிறுநீர்க் கல்ச்சர், வயிற்று ஸ்கேன், எக்கோ என்ற இதய ஸ்கேன் எல்லாம் எதற்கு என்று கேட்க வேண்டாம். இங்கே கண்ணோடு உயிரும் சேர்ந்து ஆபத்தில் இருக்கிறது.

9. பையன் விளையாடும்போது விளக்குமாத்துக் குச்சி கண்ணுல குத்திடுச்சு. முதல்ல என்ன பண்ணணும்?

குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், களிம்பு போடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் பிளாஸ்திரி ஒட்டுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் தைக்க வேண்டியிருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டதா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கிழிசலை 24 மணி நேரத்துக்குள் தைப்பது தொற்றைப் பெருமளவு தடுக்கும்.

முள், மண் பட்ட கம்பி, தூக்கிப் போட்ட சிரிஞ்சு ஊசி ஆகியவை மிக மோசமானவை. மண்ணில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி ஒன்றிரண்டு நாளில் கண்ணையே முடித்துவிடும். குழந்தை அடி வாங்கப் பயந்து சொல்லாது. கண்பாவை வட்டமாக இல்லாமல் ஒருபக்கம் இழுபட்டிருந்தாலோ, கருவிழி வெளுத்திருந்தாலோ விசாரிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பட்டறையில் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத்துகள் வேறு மாதிரி ஏமாற்றும். சுருக்கென்று ஒரு வலி, பிறகு ஒன்றுமில்லை, பார்வைகூட நன்றாக இருக்கும். சி.டி. ஸ்கேனில்தான் உள்ளே கிடப்பது தெரியும். இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது.

10. கண்ணுக்குள்ளயே ஊசி போடணுமாம். தாங்குவாங்களா?

தாங்குவார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்து, போவிடோன் அயோடின் விட்டு, கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, லென்ஸிலும் விழித்திரையிலும் படாத இடத்தில் மெல்லிய ஊசி செலுத்துவார்கள். முதலில் விட்ரியஸில் 0.2 மில்லிலிட்டர் அளவுக்குப் பரிசோதனைக்காக உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு வழக்கமாக இரண்டு மருந்து: 1 மில்லிகிராம் வான்கோமைசின், 2.25 மில்லிகிராம் செஃப்டாசிடிம், ஒவ்வொன்றும் 0.1 மில்லிலிட்டரில். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் திரிந்து வெள்ளையாகப் படிந்துவிடும், ஆகவே தனித்தனிச் சிரிஞ்சு. பூஞ்சை என்றால் ஆம்ஃபோடெரிசின் 5 மைக்ரோகிராம் அல்லது வோரிகோனசோல் 100 மைக்ரோகிராம்.

இந்த அளவுகள் ஓரிரு துளிக்குள் அடங்குபவை. கடையில் வரும் குப்பியில் இருப்பதோ 500 மில்லிகிராம். உதாரணமாக, 500 மில்லிகிராம் வான்கோமைசினை 10 மில்லிலிட்டரில் கரைத்து, அதில் 1 மில்லிலிட்டர் எடுத்து, அதை 5 மில்லிலிட்டராக ஆக்கினால் 0.1 மில்லிலிட்டரில் சரியாக 1 மில்லிகிராம் இருக்கும். ஒரு படி தவறினால் பத்து மடங்கு போய்விடும். ஜென்டாமைசின் வகை மருந்து மிகுந்தால் விழித்திரையின் நடுப்பகுதியே ரத்த ஓட்டம் நின்று செத்துவிடும். அதனால்தான் கலக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

11. மாத்திரை, நரம்பு ஊசி போட்டுக் குணப்படுத்த முடியாதா?

ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே இயற்கையான தடுப்பு இருக்கிறது. பெரும்பாலான மருந்துகள் அதைத் தாண்டிப் போதிய அளவு போவதில்லை. 1995 ஆய்வில் பாதிப் பேருக்கு நரம்பு வழியாகவும் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள், பார்வையில் வித்தியாசமே இல்லை. 8-ம் கேள்வியில் சொன்ன, ரத்தம் வழி வந்த தொற்றுக்கு மட்டும் நரம்பு மருந்து கட்டாயம்.

12. பக்கத்து பெட்காரருக்கு ஊசியோட விட்டுட்டாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் விட்ரெக்டமி?

விட்ரெக்டமி என்பது சீழ் கலந்த கூழை மெஷினால் வெட்டி உறிஞ்சி எடுப்பது. வரும்போது கை அசைவாவது தெரிந்தவர்களுக்கு ஊசி மட்டும் போட்டாலும், விட்ரெக்டமி செய்தாலும் முடிவு ஒன்றுதான் என்று அந்த ஆய்வு காட்டியது. வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலையில் வந்தவர்களுக்கு வித்தியாசம் பெரிது. உடனே விட்ரெக்டமி செய்தவர்களில் 33 சதவீதம் பேர் 6/12 (நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதற்கு மேல் பார்வை பெற்றார்கள். ஊசி மட்டும் போட்டவர்களில் 11 சதவீதம்தான்.

அந்த ஆய்வு லென்ஸ் ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் வந்த தொற்றுக்கு மட்டுமே பொருந்தும். காயம், பூஞ்சை, கண் பிரஷருக்கு ஆபரேஷன் செய்த கண் இவற்றில் பலரும் முன்கூட்டியே விட்ரெக்டமி செய்கிறார்கள். ஊசி போட்டு 48 மணி நேரத்தில் கண் தேறவில்லை என்றாலும் அடுத்த படி இதுதான். கருவிழி மிகவும் வெளுத்திருந்தால் உள்ளே பார்க்கவே முடியாது. அப்போது செய்ய நினைத்தாலும் கை கட்டப்பட்டுவிடும்.

13. பார்வை திரும்ப வருமா? உண்மையைச் சொல்லுங்க.

இரண்டு விஷயம் தீர்மானிக்கும்: எந்தக் கிருமி, வரும்போது எவ்வளவு தெரிந்தது. அதே ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் 53 சதவீதம் பேர் 6/12 அல்லது அதற்கு மேல் பெற்றார்கள். சுமார் 5 சதவீதம் பேருக்கு வெளிச்சமும் தெரியாமல் போனது.

கிருமிவாரியாகப் பிரித்தால் முகம் மாறும். இமையில் வாழும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் 84 சதவீதம் பேருக்கு 6/30-க்குக் குறையாத பார்வை கிடைத்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் 50, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் 30, என்டரோகாக்கஸ் என்றால் 14 சதவீதம்தான். இவை அமெரிக்க எண்கள். நம்மூரில் பூஞ்சையும் சூடோமோனாஸ் வகையும் கூடுதல், தாமதமாக வருவதும் கூடுதல். அதனால் இதே எண்களை நம்பிக்கையாகக் கொடுக்க மாட்டோம்.

14. கல்ச்சர்ல ஒண்ணும் வளரலையாம். அப்போ தொற்றே இல்லையா?

அப்படி அர்த்தமில்லை. எடுத்த துளி சிறியது, முன்பே மருந்தும் விட்டிருப்பீர்கள். அந்த ஆய்விலேயே சுமார் 69 சதவீதம் பேருக்குத்தான் கிருமி வளர்ந்தது. சிகிச்சையை நிறுத்தக் கூடாது. சில கிருமிகளுக்கு லேபில் இரண்டு வாரம் வைத்திருந்து பார்க்க வேண்டும்.

15. கிருமி போயிடுச்சுன்னாங்க. ஒரு மாசம் ஆகியும் தெரியலையே?

கூழில் மிதக்கும் கழிவு தெளியவே பல வாரம் ஆகும். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் நீர்க்கோர்வை, விழித்திரை மேல் சவ்வு, லென்ஸின் பின் உறை மங்கியது ஆகியவை சரிசெய்யக்கூடியவை. விழித்திரை விலகினால் மறுபடி ஆபரேஷன், விழித்திரையை ஒட்டி நிறுத்த அப்போது உள்ளே ஊற்றிய சிலிக்கான் எண்ணெயைச் சில மாதம் கழித்து எடுப்பார்கள். விழித்திரையே அரிபட்டிருந்தாலும், பார்வை நரம்பு வெளுத்திருந்தாலும் திரும்பாது. ஆறு முதல் ஒன்பது மாதம் கழித்து இருப்பதுதான் இறுதிப் பார்வை. அதுவரை தவறாமல் வாருங்கள், புதிதாகப் பறக்கும் புள்ளியோ மின்னலோ தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள்.

16. ஆபரேஷன் ஆன மறுநாளே கண் மங்கிடுச்சு, ஆனா சீழ் இல்லை, ரியாக்ஷன்னு சொல்றாங்க. நம்பலாமா?

12 முதல் 48 மணி நேரத்துக்குள், வலி அதிகமில்லாமல், கருவிழி ஓரம் முதல் ஓரம் வரை வெளுத்து வீங்கினால் அது கிருமி இல்லாத நச்சு அழற்சியாக இருக்கலாம். கருவியில் தங்கிய சோப்பு, தவறான திரவம் போன்றவை காரணம். ஸ்டீராய்டு சொட்டில் தேறும். ஆனால் பின்னால் விட்ரியஸ் தெளிவாக இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால்தான் நம்பலாம். சந்தேகம் இருந்தால் கிருமி என்றே எடுத்துக்கொள்வதுதான் சரி.

17. ஆபரேஷன் ஆகி நாலு மாசம். சொட்டு விட்டா சிவப்பு போகுது, நிறுத்தினா திரும்ப வருது.

லென்ஸ் உறைக்குள் பதுங்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற மந்தமான கிருமியை நினைக்க வேண்டும். உறையில் வெள்ளைத் திட்டு தெரியும். ஸ்டீராய்டு அடக்கி வைக்கும், அழிக்காது. சில சமயம் உறையையும் லென்ஸையும் எடுத்தால்தான் அடங்கும். நிதானமாக வருவதால் பார்வை பெரும்பாலும் நன்றாகவே மீளும்.

18. பத்து வருஷம் முன்னாடி கண் பிரஷருக்கு ஆபரேஷன் பண்ணாங்க. இப்போ கண் சிவந்திருக்கு. பயப்படணுமா?

ஆமாம். அந்த ஆபரேஷனில் மேல் இமைக்கு அடியில் மெல்லிய தோல் கொப்புளம் ஒன்றை விட்டிருப்பார்கள். அது மெலிந்து கசிந்தால் எத்தனை வருடம் கழித்தும் கிருமி உள்ளே போகலாம், வருவது பெரும்பாலும் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. இவர்களுக்கு வாழ்நாள் முழுக்க 3-ம் கேள்வியின் விதிதான்.

19. இது இன்னொரு கண்ணுக்குப் பரவுமா? அந்தக் கண்ணுல ஆபரேஷன் பண்ணலாமா?

ஆபரேஷனாலோ காயத்தாலோ வந்தது மறு கண்ணுக்குத் தொற்றாது. 8-ம் கேள்வியின் வகை மட்டும் இரண்டு கண்ணிலும் வரலாம். கண் கிழிந்த காயங்களில், வெகு அரிதாக, உடம்பின் எதிர்ப்பு சக்தியே நல்ல கண்ணைத் தாக்குவதுண்டு. அது தொற்று அல்ல, ஆனாலும் கவனிக்க வேண்டியது. மறு கண்ணில் புரை இருந்தால் முதல் கண் முழுதும் அடங்கி, காரணம் ஆராய்ந்த பிறகு செய்யலாம். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

20. கண்ணையே எடுத்துடணும்னு சொல்றாங்க. வேற வழியே இல்லையா?

வெளிச்சம் துளியும் தெரியாமல், வலி தாங்க முடியாமல், சீழ் கண்ணைச் சுற்றிப் பரவும்போதுதான் இதைச் சொல்வார்கள். வேறொரு விழித்திரை மருத்துவரிடம் அன்றைக்கே காட்டிக் கேட்பதில் தவறில்லை, ஆனால் ஊர் ஊராக ஒரு வாரம் அலைய வேண்டாம். பெரும்பாலும் வெள்ளைச் சுவரையும் தசைகளையும் விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் சுத்தம் செய்வார்கள். அதனால் பிறகு வைக்கும் செயற்கைக் கண் ஓரளவு அசையும். ஆறு வாரம் வாக்கில் அளவெடுத்துச் செய்து வைக்கலாம், வார்த்துச் செய்வது கடையில் கிடைக்கும் தயார் கண்ணைவிடப் பொருந்தும். மிச்சமிருக்கும் ஒரு கண்ணுக்கு அன்றிலிருந்தே உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுவிடுங்கள். பவர் இல்லாவிட்டாலும், வயலிலும் பட்டறையிலும் கழற்றாமல்.